வீட்டில் ஆள் நிற்கிறது

மகனுக்கு,

கரம்பொன்னிலிருந்து அப்பா எழுதுகிறேன். இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. ஒட்டி என்ன பயன்? இங்கே இராணுவ முகாமில் ஒரு தரம் கிழிப்பார்கள், அங்கே உங்கள் பக்கத்து இயக்கச் சோதனைச் சாவடியில் இன்னொரு தரம் கிழிப்பார்கள், உன் கைக்கு வரும்போது உறை கந்தலாகியிருக்கும். வாசிக்க விரும்புகிற எல்லாரும் வசதியாக வாசிக்கட்டும் என்று திறந்தே விட்டிருக்கிறேன். துவக்கோடு நின்று இதை வாசிக்கிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. ஒரு தகப்பன் தன் மகனின் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் ஒரு தகப்பன் இருப்பான். வாசித்து முடித்ததும் பக்கங்களை ஒழுங்காக அடுக்கி உள்ளே வைத்துவிடுங்கள்.

உன் கடிதம் கிடைத்தது. முதல் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமான செய்தியை எழுதியிருந்தாய். பெண் உன் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்கிறவள், பெயர் வதனி, எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் எழுந்து நின்று உன் கணக்குப் பிழை என்று சொன்னவள் என்றெல்லாம் வாசித்தபோது, தனியாக இருந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. “அப்பா, நீங்கள் வந்து பக்கத்தில் நிற்காமல் நான் தாலி கட்டமாட்டேன். வீடு எங்கேயும் ஓடிவிடாது. போய்வர ஒரு மாதம் போதும். பூட்டிவிட்டு வாருங்கள்” என்று எழுதியிருந்தாய். என்னிடமிருந்து உனக்கு வந்த சொத்தில் இந்தப் பிடிவாதமும் ஒன்று என்று தெரிகிறது. ஆனால் தகப்பனின் பிடிவாதம் உன்னுடையதைவிட வயதில் மூத்தது. நான் வரமாட்டேன். கடைசிப் பக்கம்வரை உன்னை இழுத்தடிக்க விருப்பமில்லாததால் இங்கேயே சொல்லிவிட்டேன். ஏன் வரமாட்டேன் என்பதற்குத்தான் மிச்சப் பக்கங்கள்.

முதலில் பயணத்தைப் பார். உன்னைப் பள்ளிக்கூட விடுதியில் விடுவதற்கு நானும் நீயும் பஸ் ஏறிப் போனது நினைவிருக்கிறதா? வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணைப் பாலம் என்று போகும். நீ என் மடியில் ஒரு தூக்கம் போட்டு எழும்புவதற்குள் யாழ்ப்பாணம் வந்துவிடும். இப்போது அந்தத் தெருவின் இந்த முனையில் ஒருவர் மண்மூட்டை அடுக்கியிருக்கிறார், அந்த முனையில் மற்றவர் அடுக்கியிருக்கிறார், நடுவில் என்ன புதைத்திருக்கிறது என்று புதைத்தவருக்கே மறந்திருக்கும். ஆகவே நான் முகாமில் பாஸ் எடுத்து, கப்பலுக்குக் காத்துக்கிடந்து, கடல் சுற்றித் திருகோணமலையில் இறங்கி, வவுனியாவுக்கு வந்து, ஒரு பக்கத்துச் சோதனையை முடித்து, ஆளில்லாத வெறும் தெருவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து, மறுபக்கத்துச் சோதனைக்கு நின்று, யாருடையதோ சைக்கிளில் தொங்கிக் கிளாலிக்கு வந்து, குண்டுக்குப் பயந்து வள்ளத்தில் கடலேரி கடந்து, ஒரு தூக்கத் தூரத்தில் இருந்த ஊருக்கு வந்து சேர வேண்டும். நீ இங்கே வரலாம் என்றால், உன் வயதுக்காரர் வெளியே போக உங்கள் பக்கத்தில் ஆள்பிணை கேட்கிறார்கள். உன் அம்மாவைப் பிணை வைத்துவிட்டுத்தான் நீ அப்பாவைப் பார்க்க வரலாமாம். கொழும்பில் இருப்பவர்கள் இது ஒரே நாடு என்கிறார்கள். உங்கள் பக்கத்தில் இது தனி நாடு என்கிறார்கள். எந்த நாடாக இருந்தாலும் கரம்பொன்னிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ் ஓடவேண்டும். அது ஓடாத நாட்டைப் பற்றி என்னிடம் யாரும் பெரிதாகக் கதைக்க வரவேண்டாம்.

பயணத்துக்குப் பயந்து நான் நின்றுவிட்டேன் என்று நினைக்காதே. சுற்றி வருவதற்கு எனக்குக் காலில் இன்னும் பலம் இருக்கிறது. உன் கடிதத்தில் என்னைக் குத்திய சொல் “பூட்டிவிட்டு வாருங்கள்” என்பதுதான். பூட்டிவிட்டு வருவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதை உனக்கு நான் ஒருபோதும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

நம் தீவு ஆண்கள் எல்லாரையும் போல நானும் மீசை முளைக்கும் முன்பே தெற்கே கடைக்குப் போனவன். பெரும்பாலும் சிங்களச் சனங்கள் வாழ்ந்த ஒரு மலையடி ஊர். எங்கள் ஊர்ச் சுருட்டும் பலசரக்கும் விற்றேன். வருடத்தில் ஒரு தரம், கோயில் திருவிழாவுக்கு, கடையைப் பூட்டிப் பக்கத்துத் துணிக்கடைக்காரனிடம் சொல்லிவிட்டு ஊருக்கு வருவேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நான் படலையைத் திறந்து உள்ளே வர நீ அம்மாவின் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, “அம்மா, ஆரோ வந்திருக்கினம்” என்று சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய், தண்ணீர் குடிப்பது போல நின்றுகொண்டேன். நீ நாளைக்கு ஒருத்தியின் கையைப் பிடிக்கப் போகிறவன் என்பதால் சொல்கிறேன். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, அவள் இருக்கிற கூரையின் கீழே இரு. பிள்ளை உன்னை விருந்தாளி என்று நினைக்கிற வாழ்க்கை வேண்டாம்.

எண்பத்துமூன்றில் கலவரம் தொடங்கிய அன்று அந்தத் துணிக்கடைக்காரன் ஓடிவந்து, “முதலாளி, ரெண்டு நாளைக்குப் பூட்டிவிட்டுப் போய் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றான். நல்ல மனிதன். அன்று இரவு என்னைத் தன் வீட்டுப் பரணில் ஒளித்து வைத்தவனும் அவன்தான். நானும் திருவிழாவுக்குப் பூட்டுவது போலவே பூட்டினேன். சாமான்களை மூடி, தராசைத் துடைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றி வைத்துவிட்டுத்தான் பூட்டினேன். அப்படி ஒரு மடையன் உன் அப்பா. கலவரத்துக்குப் பூட்டுகிறவன் விளக்கேற்றிவிட்டுப் பூட்டுவானா? அகதிக் கப்பலில் ஊருக்கு வந்து சேர்ந்தபோது நான் கட்டியிருந்த சாரமும் அவன் கொடுத்ததுதான். பிறகு அவன் எழுதினான். பூட்டியிருந்தது தெரிந்ததால்தான் முதலில் என் கடைக்கு வந்து கொளுத்தினார்களாம். எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக் கிழவர், நம்மாள்தான், ஓடாமல் வாசலிலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாராம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொளுத்த அந்த ஊர்க்காரருக்கு மனம் வரவில்லையாம். எல்லா ஊரிலும் அப்படி நடந்திருக்காது, எனக்குத் தெரியும். இருந்தவர்களைக் கொன்ற ஊர்களும் உண்டு. ஆனால் என் வாழ்க்கையில் நான் பார்த்த கணக்கு அதுதான், நான் அதன்படிதான் நடக்கிறேன்.

அந்தக் கடை உழைப்பில் கட்டியது இந்த மேல்வீடு. இதற்கு ஒரு சாபம் இருக்கிறது. மேல்மாடியில் நின்றால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் தெருவும் தெரியும். துவக்கு வைத்திருக்கிற எவனுக்கும் பார்த்தவுடன் ஆசை வந்துவிடும். முதலில் நம்முடைய பெடியள் வந்தார்கள். “ஐயா, போராட்டத்துக்கு வீடு தேவைப்படுகுது” என்றான் ஒருவன். “எனக்கும் தேவைப்படுகுது, தம்பி. நான் இதுக்குள்ளைதான் படுக்கிறனான்” என்றேன். அவன் என்னைத் துரோகி என்று முறைத்துவிட்டுப் போனான். பிறகு இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஏறிப் பார்த்தார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். நம் ஊர் உப்புத் தண்ணீருக்கு நான் கும்பிடு போட்ட ஒரே நாள் அது. பிறகு தொண்ணூறில் கடலிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒன்றாக அடித்துக்கொண்டு, இப்போது முகாமில் இருக்கிற இவர்கள் வந்து இறங்கினார்கள்.

அன்றைக்கு நீயும் அம்மாவும் வள்ளத்தில் ஏறியதை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீ வள்ளத்தின் முன்பக்கத்தில் செல்லம்மா அக்காவின் மகன் ரவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். ஷெல் பட்டு அவன் உன் மடியில் கிடந்தான். அதனால் கரையில் அம்மா என்னிடம் சொன்னது உனக்குக் கேட்டிராது. “இஞ்சருங்கோ, கடைக்காக உவ்வளவு காலம் போனனீங்கள். இப்ப வீட்டுக்காக நிக்கிறன் எண்டுறியள். எங்களுக்காக எப்ப நிப்பியள்?” என்று கேட்டாள். ஷெல் சத்தத்துக்குள்ளும் அவள் கத்தவில்லை, வழக்கமான குரலில்தான் கேட்டாள். நான், “நீர் முதலில் ஏறும்” என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைக்கும் என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆட்களெல்லாம் போன பிறகு இந்த வீட்டில் நின்றது சரி என்று யாரோடும் வாதாடுவேன், உன் அம்மாவோடு மட்டும் வாதாட மாட்டேன். அவளிடம் இதைக் காட்டு.

நின்றதால் என்ன கிடைத்தது என்று கேட்பாய். பக்கத்து வளவைப் பார்த்தால் தெரியும். கந்தையா வாத்தியார் கண் சத்திரசிகிச்சைக்கு என்று பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போனார். முகாம்காரர்தான் கூப்பிட்டுப் பாஸ் கொடுத்து அனுப்பினார்கள். கண் தெளிந்து திரும்பி வரக் கேட்டபோது, “அந்தப் பகுதியில் உங்களுக்கு வீடு இல்லையே” என்று பதில் வந்தது. சரியான பதில்தான். அவருடைய கதவும் யன்னலும் காவலரணுக்குப் போய்விட்டன, ஓடு முகாம் சமையலறைக்குப் போய்விட்டது, கிணறு மட்டும் தூக்க முடியாததால் மிஞ்சியிருக்கிறது. இங்கே ஆள் நிற்கிற வீடு வீடு, ஆள் நிற்காத வீடு முகாம். இதைவிடச் சுருக்கமாக இந்த யுத்தத்தை உனக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியாது.

இனி உனக்கு ஒரு சிரிப்புக் கதை. முகாம் வந்த புதிதில் மிஞ்சியிருந்த கிழடு கட்டைகளையெல்லாம் வரிசையில் நிறுத்தி, பிள்ளைகள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் என்று சொன்னால், எந்த இயக்கம் என்பது அடுத்த கேள்வி. எங்கள் பகுதியில் சிங்களம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதல் நாளே எல்லாருக்கும் ஒரு வசனம் சொல்லிக் கொடுத்திருந்தேன். “புத்தா பிட்டரட்ட, மாத்தயா.” மகன் வெளிநாட்டில், ஐயா. அவ்வளவுதான். எந்த நாடு என்று கேட்டால் ஜேர்மனி. எல்லாரும் நன்றாகப் பாடமாக்கினார்கள். நான் விட்ட பிழை என்னவென்றால், கடையில் வாடிக்கைக்காரரோடு கதைக்கிற இழுவையோடேயே அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். வெளியூரே பார்க்காத செல்லம்மா அக்கா, கடலுக்குப் போகிற அந்தோனி, பல்லில்லாத பொன்னம்பலத்தார் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, மலைநாட்டு முதலாளி மாதிரிக் கடைசியில் இழுத்து இழுத்து ஒரே வசனத்தைச் சொன்னார்கள். பொறுப்பதிகாரி பெடியன், உன் வயதுதான் இருக்கும், பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். “ஜேர்மனியில் இனி இடமிருக்காது போலிருக்கிறது. இதில் யார் வாத்தியார்?” என்று கேட்டான். நான் கையை உயர்த்தினேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு முகாமில் முதலாளி என்று பெயர். அவன் நம்பவில்லை, நாங்களும் அவன் நம்பியதாக நினைக்கவில்லை. அந்த இழுவையில் மூன்று வருடம் ஓடிவிட்டது.

சிரிப்புக்குக் கீழே என்ன கிடந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். முகாமில் யாராவது கேட்கும்போதெல்லாம் நான் உன்னை வேறொரு நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நீ யாழ்ப்பாணத்தில், குண்டு விழுகிற இடத்தில், மரத்துக்குக் கீழே பிள்ளைகளை இருத்திக் கணக்குப் படிப்பிக்கிறவன். துவக்கைக் கையால் தொடாதவன். இதை வாசிக்கிற இரண்டு பக்கத்தாரும் அந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கட்டும். மறைக்கத் தேவையில்லாத ஒரு பிள்ளையை நான் மறைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு நாளுக்கு நாள் கசந்துகொண்டு வந்தது.

உன் கல்யாணத்துக்குக் குறித்த நாள் தெரிந்தவுடன் மாப்பிள்ளை வீட்டுக் காரியத்தைக் குறையில்லாமல் செய்வதென்று முடிவெடுத்தேன். தாலிக்குப் பொன் உருக்கப் பத்தர் இல்லை, அதை உன் மாமா அங்கே பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் மாப்பிள்ளை பிறந்த வளவில் பந்தலுக்குக் கன்னிக்கால் நடவேண்டும். அதை உன் வாடகை வீட்டில் நட ஏலாது. அந்தோனிதான் வேலியில் ஏறி முள்முருக்கங் கொப்பை வெட்டித் தந்தான். “நீ வேதக்காரன், உனக்கு ஒண்டும் இல்லையே?” என்று கேட்டேன். “முருக்கங் கொப்புக்கு என்ன சமயம் அண்ணை, பிடியுங்கோ” என்றான். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, வெள்ளைத் துணியில் சில்லறை முடிந்து, கிடங்கு வெட்டி, நவதானியம் போட்டாயிற்று. தண்ணீர் ஊற்றச் சுமங்கலி வேண்டும். இங்கே மிஞ்சியிருக்கிற பெண்களில் ஒருத்தியாவது அப்படி இல்லை. செல்லம்மா அக்கா தூரத்தில், தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். செம்பை அவளிடம் நீட்டினேன்.

“நான் தொடக் கூடாது, தம்பி. பிள்ளைக்கு ஆகாது” என்றாள்.

“எல்லாரும் போகேக்கை நிண்டவை நீங்கள், அக்கா. நீங்கள் ஊத்தாமல் ஆர் ஊத்துறது? ஊத்துங்கோ” என்றேன்.

அவள் என்னை ஏசிக்கொண்டே ஊற்றினாள். உன் அம்மாவின் ஆட்கள் இதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். உனக்கு அதனால் ஒரு குறையும் வராது என்று நான் நிச்சயமாகச் சொல்கிறேன். ஐயர் இல்லாததால் மந்திரத்துக்குப் பதிலாக நானே கொப்பைப் பிடித்துக்கொண்டு உன் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொன்னேன். இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன், இந்த வளவில் பிறந்தவன், இவனுக்குக் கல்யாணம். மூன்று வருடத்துக்குப் பிறகு உன் பெயரை வீட்டு முற்றத்தில் சத்தமாகச் சொன்னேன். நெஞ்சு நிறைந்து போயிருந்தது. திரும்பிப் பார்த்தால் படலையில் பொறுப்பதிகாரி இரண்டு பேரோடு நின்றுகொண்டிருந்தான்.

முகாமுக்கு அருகில் புதிதாகக் கம்பு, கொடி எது நட்டாலும் முதலில் சொல்லவேண்டும் என்பது அவர்களின் சட்டம். கடலில் வருகிறவர்களுக்கு அடையாளமாக இருக்கலாமாம். “இது என்ன கம்பு, முதலாளி?” என்று கேட்டான். கல்யாணத்துக்கு நடுவது என்றேன். “யாருக்குக் கல்யாணம்?” என்றான். செல்லம்மா அக்கா எனக்குப் பின்னால் நின்று, “தம்பி, ஜேர்மனி எண்டு சொல்லு. பெட்டையும் ஜேர்மனி எண்டு சொல்லு” என்று முணுமுணுத்தாள். சொல்லியிருந்தால் அவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். வசனம் வாயில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் உன் பெயரைச் சொல்லி நட்ட கொப்பு என் கையில் இருக்கிறது, நவதானியம் போட்ட மண் இன்னும் ஈரம். அதைப் பிடித்துக்கொண்டு உன்னை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“மகே புத்தா” என்றேன். என் மகன்.

“ஜேர்மனியில்தானே?” என்று அவனே எனக்கு வழிவிட்டான். அது அவன் செய்த நல்ல காரியம், மறக்கமாட்டேன்.

“இல்லை. யாழ்ப்பாணத்தில். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறான். எப்போதும் அங்கேதான் இருந்தான்” என்றேன்.

அவனுடைய முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. “அப்படியென்றால் இங்கே எல்லாரும் என்னிடம் சொன்னது பொய்தானா?” என்று மற்றவர்களைப் பார்த்தான். “மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாது, மாத்தயா. என் பிள்ளையைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். பொய் சொல்லிக் கொடுத்தவன் நான், அதைச் சொன்ன வாயும் என்னுடையது” என்றேன். அவன் எனக்குக் கிட்ட வந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “முதலாளி, நான் பாஸ் எழுதித் தருகிறேன். கப்பலில் இடமும் எடுத்துத் தருகிறேன். மகனின் கல்யாணத்துக்குப் போ. வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றான்.

மனம் அசையவில்லை என்று சொன்னால் பொய். உன்னை மாப்பிள்ளைக் கோலத்தில் பார்க்க எனக்கு ஆசை இல்லையா? உன் அம்மாவைப் பார்த்து எத்தனை காலம்! ஒரு கணம் பெட்டியில் என்ன வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். ஆனால் அவன் கடைசியாகச் சொன்ன வசனத்தை நான் ஏற்கெனவே ஒரு தரம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னவனும் நல்லவன்தான். “உங்கள் ஊரில் எனக்கு ஒரு கடை இருந்தது, மாத்தயா. அதையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்” என்றேன். அவனுக்கு விளங்கியது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினான், திரும்பப் போட்டுக்கொண்டான். நாளையிலிருந்து தினமும் காலையில் முகாமுக்கு வந்து கையெழுத்து வைக்கவேண்டும், கம்பைப் பொழுதுபடுவதற்குள் பிடுங்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கையெழுத்து வைக்கிறேன். கொப்பை நான் பிடுங்கவில்லை. அடுத்த நாள் அவர்களே வந்து பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தார்கள். நான் எடுத்துவந்து அதே கிடங்கில் நட்டேன். திரும்பவும் பிடுங்கினார்கள், திரும்பவும் நட்டேன். முருக்கு அப்படிப்பட்ட சாதி, எப்படிக் குத்தினாலும் பிடிக்கும். இப்போது கொஞ்ச நாளாக அவர்கள் வரவில்லை. அலுத்துவிட்டதோ, அந்தப் பெடியன் விட்டுவிடச் சொன்னானோ தெரியாது. நேற்றுப் பார்த்தேன், ஒரு கணுவில் பச்சை தள்ளியிருக்கிறது.

செல்லம்மா அக்கா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எல்லாரையும் காட்டிக் கொடுக்கப் பார்த்தேன் என்று கோபம். கோபம் நியாயம்தான். மூன்றாம் நாள் காலையில் நான் முகாமுக்குப் புறப்பட, படலையில் வந்து நின்றாள். “தம்பி, என்ரை பிள்ளை செத்துப்போச்சு எண்டு சிங்களத்திலை எப்பிடிச் சொல்லுறது?” என்று கேட்டாள். ரவி உன் மடியில் போனவன். மூன்று வருடமாக அவளுடைய வாயில் அவன் ஜேர்மனியில் உயிரோடு இருந்தான். யாராவது கேட்டுவிட்டுப் போன பிறகு, அப்படிச் சொன்னதில் அவளுக்கு ஒரு ஆறுதலும் இருந்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தெருவிலேயே நின்று சொல்லிக் கொடுத்தேன். இந்த முறை இழுவை இல்லாமல் சொல்லிக் கொடுத்தேன். அவள் என்னோடு முகாம் வாசல்வரை வந்து, பொறுப்பதிகாரியின் முகத்தைப் பார்த்து, தன் மகன் எங்கே என்று சொன்னாள். யார் அடித்த ஷெல் என்பதையும் முகாமை நோக்கிக் கையைக் காட்டிச் சொன்னாள். அவன் எழுந்து நின்றான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்து வீட்டுக்குப் போனாள்.

ஆகவே மகனே, குறித்த நாளில் குறித்த நேரத்தில் நீ தாலியைக் கட்டு. எனக்காக அந்தப் பிள்ளையைக் காக்க வைக்காதே. உன் கணக்குப் பிழை என்று எழுந்து நின்று சொன்னவள் அவள். வீட்டுக்குள்ளும் அப்படிச் சொல்ல விடு. சொல்லும்போது, “நீர் முதலில் ஏறும்” என்பது போன்ற பதிலைச் சொல்லித் தப்பாதே. அம்மாவை மணவறைக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் நிறுத்து. தகப்பன் இல்லாமல் தாய் மட்டும் முன்னால் நிற்பதா என்று யாராவது பழைய கதை கதைத்தால், கரம்பொன்னில் கன்னிக்காலுக்குத் தண்ணீர் ஊற்றியவள் யார் என்று சொல். அதற்குப் பிறகு அவர்களுக்கு வாய் திறக்காது.

அந்த நேரத்துக்கு நானும் இங்கே பட்டு வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, மேல்மாடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். கடலும் தெருவும் தெரிகிற இடத்தில், முகாமுக்கும் நன்றாகத் தெரிகிற இடத்தில் இருப்பேன். கதவு எல்லாம் திறந்திருக்கும். செல்லம்மா அக்கா சர்க்கரைப் பொங்கல் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள், சர்க்கரை எங்கே எடுப்பாள் என்று கேட்டால் உனக்கென்ன என்கிறாள். பொறுப்பதிகாரிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிடப் போகிறாளாம். கல்யாண வீட்டுக்கு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாதாம்.

கடைசியாக ஒன்று. பந்தலில் எல்லாரும் உன்னிடம் கேட்பார்கள், அப்பா எங்கே என்று. பாவம், வர ஏலாமல் போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே. விடவில்லை, பாதை இல்லை, பாஸ் இல்லை என்று ஒரு பக்கத்தாருக்கும் அந்தப் பெருமையைக் கொடுத்துவிடாதே. பாஸ் தந்தார்கள், கப்பலில் இடம் தந்தார்கள், அவர்தான் வரமாட்டேன் என்றுவிட்டார் என்று சொல். நான் உன்னைத் துவக்குக்கு முன்னால் நின்று என் மகன் என்று சொல்லிவிட்டேன். நீயும் என்னைச் சொல்லு. நல்ல சத்தமாக, பந்தலில் இருக்கிறவனுக்கும் பந்தலுக்கு வெளியே நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லு: அப்பா வீட்டிலை நிக்கிறார்.

இப்படிக்கு,
வீட்டில் நிற்கிற
அப்பா